அறுபது வயதில் விமானம் ஏறுகிறவரைப் பேராசைக்காரர் என்று சொல்லாதீர்கள்

அறுபது வயதில் ஒரு பெரியவர் வெளிநாட்டு வேலைக்கு விமானம் ஏறப் போகும் திருச்சி ஏர்போர்ட் வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், அதனால் மறுபடி இங்கே போடவில்லை. வீடியோவைவிட அதற்குக் கீழே எழுதியிருந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "இந்த வயசுலயுமா காசு ஆசை", "பேரப் பிள்ளையைக் கொஞ்ச வேண்டிய வயசு", "பெத்த பிள்ளைங்க சோறு போடலையா". எழுதியவர்களில் பலர் எனக்குத் தெரிந்தவர்கள். சிலர் அரசு வேலையில் ஓய்வு பெற்று மாதாமாதம் பென்ஷன் வாங்குகிறவர்கள். அதனால்தான் கூடுதலாக வலிக்கிறது.

அந்தப் பெரியவர் ஆசைப்பட்டுப் போகவில்லை. மாதம் பிறந்தால் கைக்கு ஒரு பைசா வராது, அதனால் போகிறார்.

வளைகுடாவில் எத்தனை வருடம் உழைத்தாலும் நம் ஆட்களுக்கு ஓய்வூதியம் கிடையாது. வேலையை முடித்து வரும்போது மொத்தமாக ஒரு தடவை கொடுக்கும் சர்வீஸ் பணம் மட்டும்தான். குவைத் சட்டப்படி மாதச் சம்பளக்காரருக்கு முதல் 5 வருடங்களுக்கு வருடத்துக்கு 15 நாள் சம்பளம், அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம். மொத்தம் ஒன்றரை வருடச் சம்பளத்தைத் தாண்டாது. 30 வருடம் இருந்தவருக்கும் அவ்வளவுதான், அதுவும் முதலாளி ஒழுங்காகக் கொடுத்தால். உள்ளூரிலேயே கம்பெனியில் வேலை பார்த்திருக்கலாமே என்கிறீர்களா? பி.எஃப். ஓய்வூதியத்துக்குக் குறைந்தபட்சத் தொகை என்று 2014-இல் வைத்தது மாதம் 1,000 ரூபாய். அதை ஏற்றச் சொல்லிப் பெரியவர்கள் வருடக்கணக்காகப் போராடுகிறார்கள்.

என் அப்பா குவைத்தில், ஷுவைக்கில் ஒரு கேரேஜில் மெக்கானிக். அவர் அனுப்பிய பணத்தில்தான் வீடு எழும்பியது, அத்தைக்குக் கல்யாணம் நடந்தது, தம்பி இன்ஜினியரிங் முடித்தான், எனக்கு நகை போட்டார்கள். 60 வயதான, டிகிரி இல்லாத வெளிநாட்டவருக்கு வேலை அனுமதியைப் புதுப்பிக்க மாட்டோம் என்று 2020-இல் அங்கே அறிவித்தார்கள். 2021 ஜனவரியில் அது அமலுக்கு வந்தது. அந்த வருடமே அப்பா எக்ஸிட்டில், அதாவது அங்கே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு, வந்துவிட்டார். 2022-இல் 250 தினார் கட்டணமும் தனியார் மருத்துவக் காப்பீடும் கட்டினால் புதுப்பிக்கலாம் என்று மாற்றினார்கள். அதற்குள் அவருடைய இக்காமா, அங்கே தங்குவதற்கான அனுமதி, போய்விட்டது.

வந்த புதிதில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். அப்புறம் ஒரு நாள் அவர் சுகர் மாத்திரை போடாமலே இருப்பது தெரிந்தது. காலி அட்டையைப் பார்த்து அம்மாதான் கண்டுபிடித்தார். தம்பி கெட்டவன் இல்லை, கேட்டிருந்தால் உடனே கொடுத்திருப்பான். ஆனால் அத்தனை பேருக்கும் கொடுத்தே பழகியவருக்குக் கேட்க வாய் வரவில்லை. துபாயில் வாட்ச்மேன் வேலை இருக்கிறதென்று ஒரு ஏஜென்டிடம் பணம் கட்டினார். மெடிக்கலில் அன்ஃபிட் என்று வந்தது. கட்டிய பணமும் திரும்பவில்லை. இப்படிப்பட்ட மனிதரைத்தான் காசு ஆசை பிடித்தவர் என்கிறீர்கள்.

"சம்பாதிக்கும்போதே சேர்த்து வைத்திருக்க வேண்டும்" என்று ஒருவர் பாடம் எடுத்திருக்கிறார். எதை விட்டிருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். அத்தை கல்யாணத்தையா, தம்பி படிப்பையா? அந்தப் பணத்தில் படித்து வேலைக்குப் போன பிள்ளைகள்தான் இன்று சேமிப்பைப் பற்றிப் பேசுகிறார்கள்.

"வயசானவர்களை எவன் வேலைக்கு எடுப்பான்" என்று இன்னொருவர். சிங்கப்பூர் எடுக்கிறது. வொர்க் பெர்மிட்டில் இருப்பவர்கள் வேலை பார்க்கக்கூடிய வயது வரம்பை 2025 ஜூலை 1 முதல் 60-லிருந்து 63 ஆக உயர்த்தினார்கள். தொழில் தெரிந்த கை அவர்களுக்குத் தேவைப்படுகிறது. நம் ஊரில் அதே கைக்கு ஏ.டி.எம். வாசலில் ஒரு ஸ்டூல்தான் கிடைக்கிறது.

வெயிலில் உடம்பு தாங்குமா என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அது நியாயமான பயம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பகல் 11 முதல் 4 மணி வரை வெளி வேலை கூடாது என்று குவைத்தே தடை வைத்திருக்கிறது. எங்களுக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் உடம்பை நினைத்துப் பயப்படுகிறவர் யாரும் சிரிப்புப் பொம்மை போட்டு எழுத மாட்டார்.

பிள்ளைகள் சோறு போடவில்லையா என்கிற கேள்விதான் மிக மோசம். சோறு எல்லா வீட்டிலும் கிடைக்கிறது. பேத்தி காதுகுத்துக்கு ஒரு தோடு வாங்கவும், அம்மாவின் கண் ஆபரேஷனுக்குப் பணம் கட்டவும், டீக்கடையில் நண்பருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கவும் யாரையும் எதிர்பார்க்காத ஒரு தொகை அவருக்கு வேண்டும். அதைக் கேட்பதில் என்ன பேராசை? மாதாமாதம் பென்ஷன் வாங்குகிற உங்களுக்கு இது புரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

எல்லோருக்கும் பென்ஷன் கொடுத்தால் கஜானா தாங்காது என்று அடுத்து வருவீர்கள். பக்கத்தில் கேரளத்தைப் பாருங்கள். பிரவாசி, அதாவது வெளிநாடுவாழ் மலையாளிகள் நல வாரியத்தில் 60 வயதுக்குள் சேர்ந்து, குறைந்தது 5 வருடம் சந்தா கட்டியவருக்கு 60-க்குப் பிறகு மாத ஓய்வூதியம் உண்டு. நமக்கும் வெளிநாடுவாழ் தமிழர் நல வாரியம் இருக்கிறது. இங்கும் அப்படி ஒரு ஓய்வூதியம் வேண்டும் என்று வாரியத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தவர்களும் அவர்கள் வீட்டாரும் உள்பெட்டியில் எண்ணைக் கொடுங்கள், கையெழுத்து வாங்க நானே வருகிறேன். அந்த வீடியோவுக்குக் கீழே எழுதியவர்கள் வீட்டுக்கும் வருவேன்.