லாஃபர் வளைகோடு அப்படிச் சொல்லவில்லை

"வரியைக் குறைத்தால் அரசின் வருவாய் தானாகக் கூடும், லாஃபர் வளைகோடு அதை நிரூபித்துவிட்டது, தத்துவம் படித்தவர்களுக்கு இந்தக் கணக்கு புரியாது" என்று நண்பர் எழுதியிருக்கிறார். இரண்டுமே பிழை.

அமெரிக்கப் பொருளியலாளர் ஆர்தர் லாஃபரின் பெயரால் வழங்கும் அந்த வளைகோடு சொல்வது இவ்வளவுதான்: வரி விகிதம் 0 என்றாலும் வருவாய் இல்லை, 100 என்றாலும் இல்லை, நடுவில் எங்கோ ஓர் உச்சம். நாம் அந்த உச்சத்துக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதை அது சொல்லாது. உச்சத்தைத் தாண்டியிருந்தால் மட்டுமே குறைப்பு வருவாயைக் கூட்டும். "சில வேளை" என்பதை "எப்போதும்" என்று மாற்றிக்கொண்டுதான் தேர்தல் மேடை ஏறுகிறார்கள்.

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் ஆளுநர் சாம் பிரவுன்பேக் 2012இல் இதைச் செய்தே பார்த்தார். வருமான வரியின் உச்ச விகிதம் 6.45 சதவீதத்திலிருந்து 4.9 ஆனது, பல சிறு தொழில்களின் வருமானத்துக்கு வரியே இல்லை. ஆலோசகராக வந்தவர் சாட்சாத் லாஃபரேதான்! வருவாய் சரிந்தது. 2014இல் மாநிலத்தின் கடன் தரமதிப்பீடு இறங்கியது. 2017இல் அவருடைய சொந்தக் கட்சிக்குப் பெரும்பான்மை இருந்த சட்டமன்றமே, அவரது மறுப்பையும் மீறிக் குறைப்புகளில் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றது. வரிக் குறைப்பே தவறு என்று நான் சொல்லவில்லை. அது இலவசம் என்பதைத்தான் மறுக்கிறேன்.

தத்துவத்துக்கு வருகிறேன். இந்தக் கருத்து தன்னுடையதல்ல, 14ஆம் நூற்றாண்டுச் சிந்தனையாளர் இப்னு கல்தூன் முன்பே சொன்னது என்று லாஃபரே எழுதியிருக்கிறார். பொருளியலின் தந்தை எனப்படும் ஆடம் ஸ்மித் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் எந்தத் துறைப் பேராசிரியர் தெரியுமா? அறவியல் தத்துவம்.