கைலி முடிச்சுக்கு அடியில்

அண்ணனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தபோது எலும்பு மஜ்ஜை கொடுத்தது நான்தான். அதனால் இந்தப் பதிவில் கொஞ்சம் குற்ற உணர்வும் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிகிச்சை முடிந்து ஒன்றரை வருடம். ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் சரி. ஆனால் கைலி கட்டும் இடத்தில், இடுப்பைச் சுற்றி, தோல் பளபளவென்று கெட்டியாகிக்கொண்டே வந்தது. கிள்ளினால் பிடிபடாது. பக்கத்துத் தெரு டாக்டர் படர்தாமரை என்று களிம்பு கொடுத்தார். இறுக்கிக் கட்டியதால் வந்த தழும்பு என்றாள் அம்மா. வேடிக்கை என்னவென்றால், அம்மா சொன்னதில் பாதி சரி. கொடுத்தவரின் வெள்ளணுக்கள் வாங்கியவரின் உடம்பை அந்நியமாக நினைத்துத் தாக்கும் ஜிவிஹெச்டி, துணி அழுத்தி உரசும் இடத்தில் கிளம்பக்கூடியது. சிலருக்கு அக்கி வந்து ஆறிய தடத்திலேயே வருமாம். பெண் கொடுத்து ஆண் வாங்கினால் நாள்பட்ட ஜிவிஹெச்டிக்கு வாய்ப்பு கூடுதல் என்பதும் அப்புறம்தான் தெரிந்தது.

என் கோபம் ஒன்றுதான். வீட்டுக்கு அனுப்பும்போது கவனிக்க வேண்டிய அறிகுறிகள் காய்ச்சல், பேதி, மஞ்சள் காமாலை, ‘சிவப்புத் தடிப்பு’ என்று சொன்னார்கள். நம் நிறத்தில் சிவப்பு எங்கே தெரியும்? ஊதாவாக, கருப்பாகத்தான் தெரியும். “வெயில்ல கறுத்துட்டான்” என்று சொந்தக்காரர்கள் முடித்துவிடுவார்கள். தோல் இறுகும் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ‘ஜிவிஹெச்டி லேசா இருந்தா நல்லதுதான், புற்றுநோய் திரும்ப வராம பார்த்துக்கும்’ என்றார்கள். அது உண்மைதான். அந்த உண்மையை நம்பியே நாங்கள் ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டோம்.

கடைசியில் வேறொரு மருத்துவர் அண்ணனைக் கும்பிடச் சொன்னார். பரிசோதனையே அதுதான். உள்ளங்கைகள் ஒட்டவில்லை. கையைத் தூக்கச் சொன்னார். ரத்தக்குழாய் ஓடும் வழியில் வாய்க்கால் மாதிரி பள்ளம் விழுந்தது. தோலுக்கு அடியில் தசையைப் போர்த்தியிருக்கும் சவ்வு இறுகினால் இப்படி ஆகுமாம். மேலே தோல் கிட்டத்தட்ட சாதாரணமாகவே இருக்கும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. மூட்டு மடங்கிப் போன பிறகு மீட்பது பெரும்பாடு.

ஸ்டீராய்டு, ருக்ஸோலிடினிப் மாத்திரை, தினமும் பிசியோதெரபி. ருக்ஸோலிடினிப்பை நாள்பட்ட ஜிவிஹெச்டிக்கு அமெரிக்கா அனுமதித்ததே 2021இல்தான். எதைக் கொடுத்தாலும் தோல் இளக மாதக்கணக்காகும்.

மஜ்ஜை மாற்று செய்துகொண்டவர் வீட்டில் இருந்தால் மாதம் ஒருமுறை கும்பிடச் சொல்லிப் படம் எடுத்து வையுங்கள். நான் எடுக்கிறேன். ஜனவரிப் படத்தில் உள்ளங்கைகளுக்கு நடுவே இரண்டு விரல் நுழையும். போன வாரம் ஒரு பென்சில்தான் நுழைந்தது. கைலியை மட்டும் அண்ணன் இன்னும் விடவில்லை, தளர்த்திக் கட்டுகிறான்.