முதல் மங்காவை 31 பக்கத்தில் முடியுங்கள்

மங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை, வரையும் ஓவியராக வேண்டும் என்று கிளம்புகிற பலரிடம் ஒரு தடித்த நோட்டு இருக்கும். ராஜ்ஜியங்கள், வம்சாவளி, ஆயுதங்கள், சாபங்கள் எல்லாம் அதில் இருக்கும். முடிந்த கதை ஒன்றுகூட இருக்காது. ஜப்பானில் புதியவர் நுழையும் வாசல் 'யோமிகிரி', அதாவது ஒரே இதழில் தொடங்கி முடிகிற தனிக்கதை. ஷுயேஷா பதிப்பகம் 1971 முதல் நடத்தும் தெஸுகா விருதுக்கு அனுப்பினாலும், 'மொச்சிகோமி' என்று முன்கூட்டியே நேரம் கேட்டு எடிட்டரிடம் நேரில் காட்டினாலும், முடித்த கதைக்குத்தான் மதிப்பு.

ஏன் 31? ஜப்பானிய இதழ் வலப்பக்கம் தைக்கப்படுவது. முதல் பக்கம் இடப்புறம் தனியாக நிற்கும். பிறகு 2-3, 4-5 என்று 15 ஜோடி. ஆக, வாசகர் தாளைத் திருப்புவது ஒற்றைப்படைப் பக்கம் முடியும்போதுதான். அதன் இடது கீழ்க் கட்டத்தில் கேள்வியை வையுங்கள். பதிலை அடுத்த இரட்டைப்படைப் பக்கத்தின் முதல் கட்டத்தில் திறங்கள். இடம் மாறினால், எதிரே விரிந்திருக்கும் பக்கத்திலேயே மர்மம் கண்ணில் பட்டுவிடும்.

இதையெல்லாம் தீர்மானிப்பது 'நேமு': கட்டம், வசனம், ஆட்கள் நிற்கும் இடம் மட்டும் காட்டும் பென்சில் வரைவு. பெரும்பாலான கதைகள் விழுவது இங்கேதான் என்பது என் உறுதியான கருத்து. நாயகனுக்கு என்ன வேண்டும் என்பது ஐந்தாறு பக்கத்துக்குள் தெரியாவிட்டால், எவ்வளவு அழகான கோடும் காப்பாற்றாது. மங்காவை வலமிருந்து இடமாகப் படிப்பதால், முதலில் பேசுபவரின் வசன பலூன் வலப்புறம் இருக்க வேண்டும். இடமிருந்து வலமாக வரைந்துவிட்டுக் கடைசியில் படத்தைக் கண்ணாடிபோல் திருப்பாதீர்கள். வலக்கை வீரர் இடக்கைக்காரராகிவிடுவார்.

தாள் B4, 257×364 மி.மீ. வெட்டும் அளவு 220×310, உள்சட்டம் 180×270. பலூனும் முக்கியமான முகங்களும் உள்சட்டத்துக்குள் அடங்கட்டும். விளிம்பு வரை போகும் படத்தை வெட்டுக்கோட்டைத் தாண்டியே வரையுங்கள், இல்லையென்றால் ஓரத்தில் வெள்ளைக் கீற்று விழும். B5 இதழில் அச்சாகும்போது எல்லாம் ஏறக்குறைய 83 சதவீதமாகச் சுருங்கும். மயிரிழைக் கோடுகள் அங்கங்கே அறுந்துபோகும். அதே அளவில் ஒரு பக்கம் அச்செடுத்துப் பார்த்துவிடுங்கள். மையில் தோய்த்து வரையும் ஜி-பென்னின் புது முனையில் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் தடவியிருப்பார்கள். துடைக்காமல் தொட்டால் மை ஒட்டாமல் முத்து முத்தாகத் திரளும்.

கிளிப் ஸ்டுடியோ என்ற வரைகலை மென்பொருளில் வரைபவர்கள் 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி), கறுப்பு-வெள்ளை மட்டும் என்று தொடக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். நிழலுக்குப் போடும் ஸ்கிரீன்டோன் புள்ளிகளைப் படத்தோடு ஒன்றாக்கிய பின் அளவைக் குறைத்தால் அலையலையாகக் கோலம் விழும். ஒருமுறை விழுந்தால் டோனை மறுபடி போடுவதைத் தவிர வழியில்லை.

ஜப்பானிய மொழி தெரியாதவர்களுக்கும் வழி உண்டு. ஷுயேஷா 2022இல் தொடங்கிய மங்கா பிளஸ் கிரியேட்டர்ஸ் தளம் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் படைப்புகளை வாங்குகிறது. கோஅமிக்ஸ் (Coamix) பதிப்பு நிறுவனம் 2012இல் தொடங்கிய சைலன்ட் மங்கா ஆடிஷன், வசனமே இல்லாத கதைகளுக்கான போட்டி. போட்டிக்கு அனுப்பாவிட்டாலும் வசனமில்லாமல் ஒரு நேமு போட்டுப் பாருங்கள், அவ்வளவு நல்ல பயிற்சி அது. மங்காவே படிக்காத ஒருவரிடம் அதைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். எந்த இடத்தில் அவர் புரியாமல் முந்தைய பக்கத்துக்குப் புரட்டுகிறாரோ, அங்கிருந்து மறுபடி வரையுங்கள்.