அரை மணி நேர வைத்தியம்

(மதுரை, திருமங்கலம் சாலை ஓரம் ஒரு ஒர்க்‌ஷாப். 1986 மாடல் வெள்ளை அம்பாஸடர். மெக்கானிக் சாவியைத் திருகுகிறார். ஒரே செல்ஃபில் எஞ்சின் பிடித்துக்கொள்கிறது.)

மெக்கானிக்: வண்டி தங்கமாக இருக்கிறதே சார்!

பெரியவர்: உன் முன்னால் நடிக்கிறது தம்பி. நேற்று என் மச்சினன் வீட்டு வாசலில் இது போட்ட ஆட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

மெக்கானிக்: காலையில் எடுக்கும்போது?

பெரியவர்: தொட்டால் போதும், எடுத்துவிடும். ஓடும்போதும் ஒரு குறை சொல்ல முடியாது. நன்றாகச் சூடேறி, எங்கேயாவது பத்து நிமிடம் நிறுத்தினேனோ, கதை முடிந்தது. செல்ஃப் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. அரை மணி ஆறினால்தான் உண்டு.

மெக்கானிக்: அந்த அரை மணியும் என்ன செய்வீர்கள்?

பெரியவர்: உறவை வளர்ப்பேன். வருகிறேன் என்று கும்பிட்டுவிட்டு வாசல்வரை வந்து, மறுபடி உள்ளே போய் உட்கார்ந்துவிடுவேன். கல்யாணத்துக்குப் போனால் பந்தி மேஜையை மடக்குகிறவனும் நானும்தான் கடைசி. துக்க வீட்டிலும் அப்படியே. இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனுஷரா என்று சொந்தக்காரர்கள் கண் கலங்குகிறார்கள். என் வீட்டுக்காரி மட்டும்தான் இன்னும் நம்பவில்லை.

மெக்கானிக்: வேறு யாரிடமாவது காட்டினீர்களா?

பெரியவர்: காட்டாத ஆள் இல்லை. பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போடு என்றார் ஒருவர். போட்டேன், கேட்டது. பானட்டைத் திறந்து வை என்றார் டீக்கடைக்காரர். அதுவும் கேட்டது. எங்கள் சித்தப்பா எலுமிச்சம்பழம் சுற்றி டயருக்கு அடியில் வைக்கச் சொன்னார். கடைத்தெருவுக்கு நடந்து போய்ப் பழம் வாங்கி வந்து வைத்தேன்.

மெக்கானிக்: கேட்டதா?

பெரியவர்: பழம் நசுங்க வண்டி கிளம்பிவிட்டது! எல்லா மருந்தும் கேட்கிறது. அதுதான் எனக்குக் குழப்பம்.

மெக்கானிக்: ஒவ்வொரு வைத்தியத்துக்கும் எவ்வளவு நேரம் ஆச்சு சார்?

பெரியவர்: ஒரு அரை... (நிறுத்தி) அட!

மெக்கானிக்: துணியும் பழமும் பேர் வாங்கிக்கொண்டன. வேலை பார்த்தது நீங்கள் காத்திருந்த அரை மணி.

பெரியவர்: அப்போது இது வேப்பர் லாக்தான். எஞ்சின் சூட்டில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிவிடும், பம்ப் வெறும் ஆவியை இழுக்கும். எனக்குத் தெரியும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வேறு கலக்கிறார்கள். நான் அரசாங்கத்துக்கு ஒரு கடிதமே எழுதலாம் என்று...

மெக்கானிக்: எழுதுங்கள். அதற்கு முன்னால் பிளக்குக்குக் கரன்ட் வருகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடலாம். ஆறின வண்டியைப் பார்த்து நான் என்ன சொல்வது? வாருங்கள், நாமே சூடேற்றுவோம்.

(ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, திருமங்கலம் தாண்டி ஒரு டீக்கடை. இருவரும் டீ குடித்து முடித்திருக்கிறார்கள். பெரியவர் செல்ஃப் அடிக்கிறார். எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை.)

பெரியவர்: (பெருமையுடன்) பார்த்தாயா! நான் சொன்னேனா இல்லையா?

மெக்கானிக்: கையெடுங்கள், பேட்டரி போய்விடும். (பானட்டைத் திறந்து, பிளக்குகளுக்குக் கரன்டைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியிலிருந்து நடு ஒயரைப் பிடுங்கி, ரப்பர் பிடி போட்ட குறட்டால் எஞ்சின் இரும்புக்குக் கால் அங்குலம் தள்ளிப் பிடிக்கிறார்.) இப்போது அடியுங்கள்... போதும். தீப்பொறி நீலமாகச் சடக்கென்று தாவ வேண்டும் சார். இது அணையப் போகிற பீடி மாதிரி சிவப்பாக முனகுகிறது. பெட்ரோல் மேல் பழி இல்லை.

பெரியவர்: கடிதம்?

மெக்கானிக்: இப்போதைக்கு வேண்டாம். பிளக்குக்குப் பொறி விடுகிற கரன்ட் அந்தக் காயிலிலிருந்துதான் வருகிறது. தொட்டுப் பாருங்கள்.

பெரியவர்: (விரலை உதறிக்கொண்டு) அம்மாடி!

மெக்கானிக்: அதற்குள் இருக்கிற கம்பிச் சுற்றின் இன்சுலேஷன் போய்விட்டது. சூடானால் கரன்ட் உள்ளேயே கசிந்துவிடும், பிளக்குக்குப் போகாது. ஆறினால் எப்படியோ சமாளித்துக்கொள்ளும். சரி, எஞ்சினை நிறுத்திவிட்டுத்தானே டீ குடித்தோம்?

பெரியவர்: ஆமாம்.

மெக்கானிக்: அப்படியென்றால் காருக்குள் இருந்து தங்கம் விலை சொன்னது யார்?

பெரியவர்: ரேடியோப்பா. சாவி ஆனில் இருந்தால்தான் பாடும். செய்தி கேட்காமல் எனக்கு டீ இறங்காது.

மெக்கானிக்: அங்கேதான் காயில் வெந்திருக்கிறது. காயிலில் ஓடுகிற கரன்டுக்கு ஸ்விட்ச் மாதிரி பாயின்ட் என்று ஒன்று உண்டு. எஞ்சின் ஓடும்போது அது திறந்து திறந்து மூடும், காயிலுக்கு மூச்சு விட நேரம் இருக்கும். பாயின்ட் மூடின நிலையில் எஞ்சின் நின்று, சாவியும் ஆனில் இருந்தால் கரன்ட் இடைவிடாமல் காயிலில் ஓடும். இத்தனை வருஷமாக உங்களோடு சேர்ந்து அதுவும் செய்தி கேட்டிருக்கிறது.

பெரியவர்: சில நாள் செய்தி முடிந்ததும் உடனே கிளம்பிவிடுமே?

மெக்கானிக்: அன்றைக்குப் பாயின்ட் திறந்த நிலையில் நின்றிருக்கும்.

பெரியவர்: நான் ராகு காலம் என்று நினைத்து ஒரு நோட்டுப் போட்டுக் குறித்து வைத்திருக்கிறேன்.

(மெக்கானிக் பையிலிருந்து ஒரு காயிலை எடுத்து மாட்டுகிறார்.)

பெரியவர்: கையோடு கொண்டு வந்தாயா?

மெக்கானிக்: வேலை செய்யும் என்று தெரிந்த காயில் ஒன்று எப்போதும் என் பையில் இருக்கும். அடியுங்கள்.

(கால் சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொள்கிறது.)

மெக்கானிக்: ஒர்க்‌ஷாப் போனதும் ரேடியோவுக்குத் தனி ஒயர் இழுத்துத் தருகிறேன். இனி எந்த வீட்டிலிருந்தும் நினைத்த நேரத்தில் கிளம்பலாம்.

பெரியவர்: மச்சினன் வீட்டிலிருந்துமா?

மெக்கானிக்: காபி வருவதற்குள்ளேயே.

பெரியவர்: (கொஞ்சம் யோசித்து) தம்பி, அந்தப் பழைய காயிலை எறிந்துவிடாதே. டிக்கியில் போடு.

மெக்கானிக்: அது எதற்கு?

பெரியவர்: ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்குப் போகிறேன். பேரனுக்கு இப்போதுதான் நடை வந்திருக்கிறது. போன உடனே சம்பந்தி கடிகாரத்தைப் பார்ப்பார். தெருமுனையில் நிறுத்தி இதை நானே மாட்டிக்கொள்ள முடியுமா?

மெக்கானிக்: முடியும். மாட்டிவிட்டு, சாவியையும் ஆனில் விட்டுவிட்டு உள்ளே போங்கள் சார். ராத்திரிச் சாப்பாடு முடிந்து பாய் விரிக்கிறவரை எடுக்காது.