மணிவாரி விலையில் பார்க்க வேண்டிய இடம் அளவு

மொத்த மின் கொள்முதல் ஒப்பந்தங்களில் மணிக்கு மணி விலை மாறுவதுதான் நியாயம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பாதி ஒத்துக்கொள்கிறேன். மாதச் சராசரியை வைத்துக் கணக்குத் தீர்ப்பது உண்மையில் யாரோ ஒருவருக்கு நஷ்டம்தான். ஒரு சூரிய மின் நிலையம் 100 மெகாவாட் மணி விற்கிறது என்று வைப்போம். நண்பகல் விலை யூனிட்டுக்கு 2 ரூபாய், மாலை விலை 8. சராசரி 5. ஆனால் அதன் உற்பத்தியில் 80 நண்பகலில், 20 மாலையில் என்றால் கைக்கு வருவது யூனிட்டுக்கு 3.2 மட்டுமே. இந்த இடைவெளியை மணிவாரிக் கணக்குதான் வெளியே காட்டும்.

சரி, ஆனால் விலை மட்டும் மாறி, தர வேண்டிய அளவு மாறாமல் நின்றால்? 2021 பிப்ரவரி குளிரில் டெக்சாஸில் நடந்தது அதுதான். மொத்தச் சந்தை விலை, மெகாவாட் மணிக்கு 9,000 டாலர் என்ற உச்சவரம்பில் நின்றது. குறிப்பிட்ட மணிகளில் குறிப்பிட்ட அளவு தருவதாக எழுதிக்கொடுத்த சில காற்றாலைகள், உறைந்த இறக்கைகளோடு, தர முடியாத மின்சாரத்துக்காக அந்த விலையைச் சுமந்தன. இதைக் கட்டுரை தொடவே இல்லையே என்பதுதான் என் வருத்தம்.

அப்புறம், மின்சாரம் மிஞ்சி விலை பூஜ்யத்துக்குக் கீழே போகும் மணிகளில், அதாவது விற்பவரே பணம் தர வேண்டிவரும் மணிகளில், பணம் யார் தருவது என்பதும் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, பிறகு பின்னே வைக்கும் நாடுகளில் வருடத்தில் ஒரு நாளுக்கு 23 மணி நேரம், இன்னொரு நாளுக்கு 25 மணி நேரம். அப்படிக் குறையும், கூடும் மணியை எப்படிக் கணக்கிடுவது என்பதைக்கூட ஒப்பந்தம் சொல்லியாக வேண்டும்.