பல்லாவரம் வர மறுத்தவர் திருடர் இல்லை

வெள்ளிக்கிழமைப் பதிவுக்குக் கீழே நடந்ததைப் பார்த்தீர்கள். சென்னை ஏர்போர்ட்டிலிருந்து அம்மாவைப் பக்கத்திலேயே இருக்கிற பல்லாவரத்துக்குக் கூட்டிவர மூன்று டாக்சிக்காரர்கள் மறுத்தார்கள் என்று எழுதினேன். அவ்வளவுதான் எழுதினேன். விடிவதற்குள் 'திருட்டுப் பசங்க', 'பெர்மிட்டைப் பிடுங்கணும்' என்று அறுபது கமென்ட். முட்டிவலியோடு நின்றது என் அம்மா. எனக்கே அந்த மூன்று பேர் மேல் அவ்வளவு கோபம் வரவில்லை.

தப்பு ஏர்போர்ட் டாக்சி வரிசையில் இருக்கிறது. ஓட்டுநரிடம் இல்லை.

மூன்று மணி நேரம் பார்க்கிங்கில் கிடந்து முன்னுக்கு வருகிற வண்டிக்கு அண்ணா நகரோ சோழிங்கநல்லூரோ கிடைத்தால் அன்றைய பாடு ஓடிவிடும். பல்லாவரம் கிடைத்தால் கால் மணியில் இறக்கிவிட்டு வந்து மறுபடி கடைசி வண்டியாக நிற்கவேண்டும். இன்னொரு மூன்று மணி நேரம். நீங்களாக இருந்தால் போவீர்களா?

என் அப்பா போனார். தொண்ணூறுகளில் அம்பாசடர் ஓட்டினார். ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் போய் நின்றவருக்கு விளக்கு வைத்த பிறகுதான் சவாரி வந்தது. பழவந்தாங்கல். இரண்டு ஸ்டேஷன் தூரம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சட்டையை ஆணியில் மாட்டியவர், காசை அம்மா கையில் கொடுக்கவில்லை. சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவரும் யாரையாவது மறுத்திருப்பார். நான் கேட்டதில்லை. அவரையும் திருடன் என்பீர்களா?

இதற்கு வழியே இல்லாமல் இல்லை. நியூயார்க் ஜே.எஃப்.கே. ஏர்போர்ட்டிலிருந்து நகர மையமான மன்ஹாட்டன் போனால் ஒரே கட்டணம், 2022 டிசம்பரிலிருந்து 70 டாலர். அங்கேயும் எல்லா ஓட்டுநரும் அதற்குத்தான் காத்துக்கிடக்கிறார்கள். பக்கத்துத் தெருவுக்குச் சவாரி அமைந்தவருக்கு ஒரு சீட்டு கொடுக்கிறார்கள். 'ஷார்ட்டி' என்பார்கள். குறித்த நேரத்துக்குள் திரும்பிவிட்டால் அந்தச் சீட்டைக் காட்டி நேராக முன்னால் போகலாம். ஒரு துண்டுச் சீட்டு, அவ்வளவுதான். இங்கே ஏன் முடியாது?

"சட்டப்படி மறுக்கக் கூடாது" என்கிறார் ஒரு நண்பர். தெரியும். மோட்டார் வாகனச் சட்டம் 178ஆவது பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு டாக்சிக்கு 500 ரூபாய் வரை அபராதம். போடுங்கள். ஆனால் அவருடைய மூன்று மணி நேரத்தை யார் தருவது?

"மெட்ரோ இருக்கே" என்பவர்களே, 2016இல் வந்த மெட்ரோ கிண்டிப் பக்கம் போகிறது. நாங்கள் இருப்பது எதிர்த்திசையில். "எதிரே திரிசூலத்தில் ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் பல்லாவரம்" என்கிறீர்கள். ராத்திரி பதினொன்றரைக்கு, இரண்டு பெட்டியோடு, அறுபத்தெட்டு வயதுக்காரியைப் படி ஏற்றி இறக்கிப் பாருங்கள். அப்புறம் பேசலாம்.

சீட்டு கொடுத்தால் ஏமாற்றுவார்கள் என்று ஒருவர். சீட்டில் நேரம் இருக்கும், போகும் இடம் இருக்கும். ஏமாற்ற என்ன இருக்கிறது? ஓட்டுநர் என்றாலே ஏமாற்றுவான் என்று எப்படி வாய் கூசாமல் சொல்ல முடிகிறது உங்களால்?

ஏர்போர்ட்டை ஒட்டி இருப்பவர்கள் நாங்கள். பொழிச்சலூர், பம்மல், அனகாபுத்தூர், பல்லாவரம். விமானம் தலைக்கு மேல் போகும்போது பேச்சை நிறுத்தி, போனதும் விட்ட இடத்திலிருந்து பேசிப் பழகியவர்கள். சத்தம் எங்களுக்கு. ஜி.எஸ்.டி. ரோடு நெரிசல் எங்களுக்கு. ஆனால் அங்கே இறங்கி வீட்டுக்குப் போக வண்டி கேட்டால் மட்டும் நாங்கள் வேண்டாத சவாரி. எங்களையும் அந்த ஓட்டுநரையும் மோதவிட்டது அந்த வரிசை. அதை நடத்துகிறவர்கள் பெயரை அறுபது கமென்ட்டில் ஒருவர்கூட எடுக்கவில்லையே, அதுதான் எனக்கு ஆற்றாமை.

நாலாவதாக வந்தவரைப் பற்றி எழுதாமல் விட்டது என் தப்பு. அம்மா நடந்து வருவதைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் டிக்கியைத் திறந்தார். வீட்டு வாசலில் இறங்கியதும் அம்மா கேட்டாள்: "எப்பப்பா வந்து நின்னே?"

"எட்டேகாலுக்கும்மா."

அப்போது மணி பன்னிரண்டு. எங்கள் தெருவில் வண்டி திரும்பாது. முனைவரை ரிவர்ஸிலேயே போய், மறுபடி ஏர்போர்ட் பக்கம் திருப்பினார்.