பீஸ் கட்டக் கெடு இருக்கிறது, உதவிக்குக் கெடு இல்லை

முந்தாநாள் நடந்ததை என் நட்புப் பட்டியலில் இருக்கிற எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்த ஓர் ஏழைப் பையனுக்குப் பீஸ் கட்ட உதவி கேட்டு அவனுடைய வேதியியல் ஆசிரியர் போட்ட பதிவு, அதை நான் பகிர்ந்தது, அதற்குக் கீழே வந்த பின்னூட்டங்கள். திரும்ப எல்லாவற்றையும் சொல்லப் போவதில்லை. இரண்டு மட்டும் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கின்றன. "அதான் கவர்மென்டே எல்லாம் கட்டுதே, அப்புறம் எதுக்குக் கையேந்தணும்?" என்பது ஒன்று. "பையன் கையில டச் போன் இருக்கு, நல்லா பாருங்க" என்பது இன்னொன்று. இரண்டாவதை எழுதியவர் படத்தில் போன் இருக்கிற இடத்தில் சிவப்பு வட்டம் வேறு போட்டுக் காட்டியிருந்தார். அதற்குச் சிரிப்புக் குறி போட்டவர்களில் நான் மதிக்கிற சிலரும் இருந்தார்கள். அதுதான் அதிகம் வலித்தது.

சரி, முதல் கேள்விக்கு வருகிறேன்.

ஆமாம், அரசு கட்டுகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள் ஐ.ஐ.டி., ஐ.ஐ.எஸ்.சி., எய்ம்ஸ் போன்ற இடங்களில் சேர்ந்தால் அவர்களுடைய இளநிலைப் படிப்புச் செலவை அரசே ஏற்கும் என்று தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டு பட்ஜெட்டில் அறிவித்தது. அந்தச் செய்தியைப் படித்து அழுதவள் நான். இன்றைக்கும் அதை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் இந்தப் பையன் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. நடந்து போகிற தூரத்தில் அதுதான் இருந்தது. அங்கேயும் வாத்தியார்களுக்குச் சம்பளம் கொடுப்பது அரசுதான், மதியச் சாப்பாடு போடுவதும் அரசுதான். ஆனாலும் திட்டத்தின் வரம்புக்குள் அவன் வரமாட்டான். இதை ஆசிரியர் பதிவின் இரண்டாவது பத்தியிலேயே எழுதியிருந்தார். பின்னூட்டம் போட்டவர் அதுவரைக்கும் படிக்கவில்லை.

"ஐ.ஐ.டி.யே ஏழைகளுக்குத் தள்ளுபடி தருதே?" தருகிறது. 2016இல் ஆண்டுக்கு 90,000 ரூபாயாக இருந்த கல்விக் கட்டணத்தை 2 லட்சமாக உயர்த்தினார்கள். உயர்த்தும்போதே பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு முழு விலக்கு, குடும்ப வருமானம் 1 லட்சத்துக்குக் கீழே இருந்தால் முழு விலக்கு, 5 லட்சம் வரை இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி என்றும் வைத்தார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் தள்ளுபடி கல்விக் கட்டணத்துக்கு மட்டும்தான். ஹாஸ்டல், மெஸ், முன்பணம், அந்தக் கட்டணம், இந்தக் கட்டணம் எல்லாம் தனி. ரயில் டிக்கெட், போர்வை, லேப்டாப் எல்லாம் அதற்கும் மேலே. எல்லாவற்றையும் விட முக்கியமாக, இந்தத் தள்ளுபடி எல்லாம் உள்ளே போன பிறகுதான். உள்ளே போவதற்கே முதலில் பணம் கட்ட வேண்டும். கவுன்சலிங்கில் இடம் ஒதுக்கியதும் சில நாள்தான் அவகாசம். அதற்குள் கட்டாவிட்டால் இடம் போய்விடும்.

இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பணம் கட்டுவதற்குக் கெடு இருக்கிறது. உதவி வந்து சேர்வதற்குக் கெடு கிடையாது.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் 2024இல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். உத்தரப்பிரதேசத்தின் முசாஃபர்நகர் மாவட்டம், தினக்கூலியின் மகன், தலித் பையன். ஐ.ஐ.டி. தன்பாத்தில் எலெக்ட்ரிகல் கிடைத்தது. கட்ட வேண்டியது 17,500 ரூபாய். கெடு ஜூன் 24, மாலை 5 மணி. ஊரில் அங்கே இங்கே கேட்டுப் பணம் கைக்கு வந்தபோது 4.45. ஆவணங்களை ஏற்றிப் பணம் கட்டுவதற்குள் இணையதளம் மூடிவிட்டது. இடம் போனது. ஜார்க்கண்டில் சட்ட உதவி ஆணையத்திடம் போனான். அந்த ஆண்டு நுழைவுத் தேர்வை நடத்தியது ஐ.ஐ.டி. மெட்ராஸ் என்பதால் நம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தான். கடைசியில் உச்ச நீதிமன்றம். செப்டம்பர் 30 அன்று, முழு நீதி கிடைக்கத் தேவையான உத்தரவைப் போட உச்ச நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிற அரசியல் சாசனத்தின் 142ஆவது பிரிவைப் பயன்படுத்தி, அவனைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று தீர்ப்பு வந்தது. 17,500 ரூபாய்க்காக ஒரு பையன் நாட்டின் தலைமை நீதிபதி முன்னால் போய் நிற்க வேண்டியிருந்தது. 2021இல் ஐ.ஐ.டி. பம்பாயில் இடம் கிடைத்த இன்னொரு தலித் மாணவனுக்கும் கடைசி நேரத்தில் பணம் கட்ட முடியாமல் இதே கதை. அதற்கும் உச்ச நீதிமன்றம்தான் வர வேண்டியிருந்தது. நீதிமன்றம் வரைக்கும் போகத் தெரியாத பிள்ளைகள் என்ன ஆனார்கள்? அவர்களைப் பற்றி யாரும் செய்தி போடுவதில்லை. பேசாமல் பக்கத்து ஊர்க் கல்லூரிக்குப் போயிருப்பார்கள்.

"லோன் போடலாமே மேடம்" என்று ஒருவர் மரியாதையாகவே கேட்டிருந்தார். 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை பி.எம். வித்யாலட்சுமி கல்விக் கடன் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது எனக்கும் தெரியும். 860 உயர் கல்வி நிறுவனங்கள், அடமானம் வேண்டாம், ஜாமீன் வேண்டாம், 7.5 லட்சம் வரை கடனுக்கு 75 சதவீதம் அரசு உத்தரவாதம். நல்லதுதான். ஆனால் வங்கிக்காரர் கேட்கும் முதல் காகிதம் அட்மிஷன் லெட்டர். லெட்டர் கைக்கு வர முதலில் பணம் கட்டியிருக்க வேண்டும். அந்த முதல் பணத்துக்கு எந்த வங்கியில் போய் நிற்பது? காதுத் தோடுதான் வங்கி. பக்கத்துத் தெரு வட்டிக்காரர்தான் மேனேஜர்.

எனக்கு இது கேள்விப்பட்ட விஷயம் இல்லை. என் அப்பா விருதுநகரில் பருப்பு மில்லில் மூட்டை தூக்கினார். எனக்கு வடக்கே ஒரு பெரிய கல்வி நிறுவனத்தில் இடம் கிடைத்தது. ஊரே கொண்டாடியது. உதவித்தொகை உண்டு என்று விவரக் கையேட்டில் அச்சடித்திருந்தார்கள், எனக்கு அது ஒப்புதலும் ஆனது. ஆனால் பணம் வந்தது இரண்டாம் ஆண்டில். அதுவரைக்கும் ஒவ்வொரு செமஸ்டரும் பாக்கிக்காரர்கள் பட்டியலில் என் பெயர் நோட்டீஸ் போர்டில் தொங்கும். மெஸ் வாசலில் ஒரு நீளமான பதிவேடு இருக்கும். பாக்கி வைத்தவர்கள் எண்ணுக்கு நேரே சிவப்பு மையில் கோடு போட்டிருப்பார்கள். அங்கே உட்கார்ந்திருந்தவர் கெட்டவர் இல்லை. விரலைக் கோட்டின் மேல் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்க்காமல் தலையை மட்டும் ஆட்டுவார். பின்னால் வரிசை நிற்கும். அலுவலகத்தில் போய்க் கேட்டால், "விண்ணப்பம் போடும்போதே கட்டணம் எவ்வளவு என்று தெரியாதா?" என்றார்கள். தெரியும். உதவித்தொகை உண்டு என்று நீங்கள் எழுதியிருந்ததும் தெரியும். அதை நம்பித்தானே வந்தேன்!

"கஷ்டப்பட்டால்தான் உறுதி வரும்" என்று யாராவது கீழே எழுதுவீர்கள். தயவுசெய்து எழுதாதீர்கள். பசித்த வயிற்றோடு படித்ததில் எனக்கு எந்த உறுதியும் வரவில்லை. மார்க்குதான் குறைந்தது.

"வெளிநாட்டிலெல்லாம் எப்படி?" என்று கேட்ட தம்பிக்காக இதையும் சொல்கிறேன். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி. இந்த நான்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் வெளிநாட்டு மாணவர்களுக்குக்கூட, காசு இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல்தான் இடம் கொடுக்கின்றன. இடம் கொடுத்த பிறகு குடும்பத்தால் கட்ட முடியாத பங்கை அவர்களே ஏற்கிறார்கள். ஆண்டு வருமானம் 1 லட்சம் டாலருக்குள் இருக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு 2025-26 கல்வியாண்டிலிருந்து தங்குமிடம், சாப்பாடு உட்பட எதற்கும் பணம் வாங்குவதில்லை என்று ஹார்வர்டு 2025 மார்ச்சில் அறிவித்தது. உடனே "அவங்க கிட்ட பணம் கொட்டிக் கிடக்கு" என்பீர்கள். உண்மை. அந்தப் பணம் நம்மிடம் இல்லை. ஆனால் அங்கே இடம் கிடைத்த செய்தியோடு சேர்ந்தே உனக்கு எவ்வளவு உதவி, நீ எவ்வளவு கட்ட வேண்டும் என்ற கணக்கும் வந்துவிடுகிறது. பிள்ளை முடிவெடுக்கும் முன்பே கணக்கு கையில் இருக்கிறது. அதைச் செய்ய எந்த நிதியும் தேவையில்லை. இங்கே வருமானச் சான்றிதழை இ-சேவை மையத்தில் வாங்கி விண்ணப்பத்தோடு ஏற்றச் சொல்கிறார்கள். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று எல்லோரும் பார்த்துக் கையெழுத்திட்ட சான்று அது. 1 லட்சத்துக்குக் கீழே என்று தாசில்தார் சொன்ன குடும்பத்திடம் எதற்கு முன்பணம்? அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் இடத்தை உறுதி செய்துவிட்டு, பணத்தைப் பிறகு உதவித்தொகையில் கழித்துக்கொண்டால் என்ன குடி முழுகிவிடும்?

"பொய்ச் சான்றிதழ் வாங்குகிறவர்கள் இருக்கிறார்களே?" இருக்கிறார்கள். பிடியுங்கள். அதற்காக உண்மையான ஏழையை ஏன் வாசலில் நிறுத்துகிறீர்கள்?

இனி அந்த போன்.

கவுன்சலிங் முழுக்க ஆன்லைன். ஓ.டி.பி. வருவது போனுக்கு. இடம் ஒதுக்கிய செய்தி வருவது போனுக்கு. அந்தப் போன் அவனுடைய சித்தப்பா பழசாகக் கொடுத்தது, கண்ணாடி உடைந்தது, அதையும் ஆசிரியரே சொன்னார். ஆனால் இதை எதற்கு நான் விளக்க வேண்டும்? புதுசாகவே வாங்கியிருந்தால்தான் என்ன? உதவி கேட்கிறவன் கையில் என்ன இருக்கிறது, காலில் என்ன செருப்பு, சட்டை இஸ்திரி போட்டதா என்று பார்க்கிற இந்தக் கண் எங்கிருந்து வருகிறது?

எனக்குத் தெரியும் எங்கிருந்து என்று. முதலாண்டில் ஓர் அறக்கட்டளைக்கு உதவி கேட்டு எழுதிப் போட்டிருந்தேன். வீட்டைப் பார்க்க ஒருவர் வந்தார். அம்மா வீட்டை மெழுகிச் சுத்தமாக வைத்திருந்தாள், வருகிறவர் உட்காரப் பக்கத்து வீட்டில் நாற்காலி வாங்கி வைத்திருந்தாள். வந்தவர் சுற்றிப் பார்த்தார். "டி.வி. இருக்கே?" என்றார். அது கலைஞர் ஆட்சியில் ரேஷன் கார்டுக்கு எல்லோருக்கும் கொடுத்த இலவச கலர் டி.வி. அதன் மேலேயே அரசு முத்திரை இருந்தது. அம்மா அதைச் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டே இருந்தார். உதவி கிடைக்கவில்லை. காரணம் எதுவும் கடிதத்தில் இல்லை, ஆனால் அம்மா கடைசிவரை அந்த டி.வி.யால்தான் போச்சு என்று நம்பினாள். வீட்டைச் சுத்தமாக வைத்திருந்தது தப்போ என்றுகூட என்னிடம் கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. சிவப்பு வட்டம் போட்டவரைப் பார்த்து எனக்கு இவ்வளவு கோபம் வருவதற்கு அதுதான் காரணம். உங்களுக்கு அது ஒரு பின்னூட்டம். பையனின் அக்கா முகநூலில் இருக்கிறாள், அதைப் படித்துவிட்டாள்.

"நீங்கள் உணர்ச்சிவசப்படுகிறீர்கள்" என்பார்கள். ஆமாம், படுகிறேன். என் அம்மா விஷயத்தில் வேறு எப்படிப் பேசுவது?

கொடுக்க விருப்பமில்லாதவர்கள் கொடுக்க வேண்டாம். யாரையும் வற்புறுத்தவில்லை. கொடுத்தவர்களில் பெரும்பாலானவர்கள் நூறும் இருநூறும் அனுப்பியவர்கள், அவர்களில் ஒருவர்கூடப் பையனின் போனைப் பற்றிக் கேட்கவில்லை.

முதல் செமஸ்டருக்கான பணம் சேர்ந்து கட்டியும் ஆகிவிட்டது. அடுத்த செமஸ்டருக்கு ஹாஸ்டலும் மெஸ்ஸும் மறுபடி கட்ட வேண்டும். அப்போதும் பதிவு போடுவேன், ஆனால் பையனின் படம் போட மாட்டேன். வருமானச் சான்று, பள்ளிச் சான்று, கட்டண ரசீது மூன்றும் ஆசிரியரிடம் இருக்கின்றன, சந்தேகம் உள்ளவர்கள் அவரிடம் கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம். உதவ நினைக்கிறவர்கள் அதுவரைக்கும் காத்திருக்காமல் இப்போதே அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் அந்த வீட்டில் யாரும் தோட்டைக் கழற்ற வேண்டியிருக்காது.